எந்த ‘டார்க் சைட்’ வாங்குவது?

அக்கா மகன் போன மாதம் ரெக்கார்ட் பிளேயர் வாங்கினான். முதல் தட்டு எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை: பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. குழப்பம் அதற்கு அப்புறம்தான் வந்தது. “மாமா, தேடினா இதே அட்டை பத்துத் தடவை வருது. 2003ங்கறான், 2011ங்கறான், 2016ங்கறான், ஐம்பதாவது வருஷப் பதிப்புங்கறான். எதை எடுக்கறது?” என்று ஃபோனில் கேட்டான். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. அரை மணி நேரம் பேசினோம். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இத்தனை பதிப்புகள் வந்ததற்குக் காரணம் விற்பனைதான். 1973 மார்ச்சில் வெளிவந்த இந்த ஆல்பம் உலகம் முழுவதும் 4.5 கோடிப் பிரதிகள் விற்றிருப்பதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973க்கும் 1988க்கும் இடையில் அதே பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இடம்பிடித்திருந்தது. சொந்த ஊரான இங்கிலாந்தில் இரண்டாம் இடத்தைத் தாண்டவேயில்லை. வருடா வருடம் புதிதாக யாரோ கேட்டு, யாரோ வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எனவே கேசட், சிடி, சூப்பர் ஆடியோ சிடி, ப்ளூ-ரே என்று எந்தப் புது ஊடகம் வந்தாலும் இந்த ஆல்பமும் அதில் வந்து சேர்ந்தது.

கடைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மிக்ஸ் வேறு, மாஸ்டரிங் வேறு. குழம்பைக் கூட்டிக் கொதிக்கவைத்து இறக்குவது மிக்ஸ். இறக்கியதை எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு சூட்டில் பரிமாறுவது என்பது மாஸ்டரிங். ஸ்டீரியோவைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்துக்குக் குழம்பு ஒன்றுதான், 1973இல் வைத்தது. எல்பியோ சிடியோ, பழையதோ ரீமாஸ்டரோ, அத்தனை ஸ்டீரியோ பதிப்புகளிலும் நீங்கள் கேட்பது அதே மிக்ஸைத்தான். ‘புத்தம் புதிய ரீமாஸ்டர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பாத்திரம் மாறியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மிக்ஸ் உருவான கதை முக்கியம். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில், 16 டிராக் டேப்பில், 1972 நடுவில் தொடங்கி 1973 ஆரம்பம் வரை பதிவு நடந்தது. பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். கடைசியில் மிக்ஸ் செய்ய உட்கார்ந்தபோது குழுவுக்குள் இரண்டு கட்சி. ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் எதிரொலி அதிகமில்லாமல், ஒவ்வொரு ஓசையும் பளிச்சென்று தனியாக நிற்க வேண்டும், பேச்சுக்குரல்கள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றார்கள். டேவிட் கில்மோரும் ரிச்சர்டு ரைட்டும் எதிரொலியில் நனைந்த, ஒன்றோடொன்று கரைந்து போகிற ஒலி வேண்டும் என்றார்கள். நடுவில் நின்று முடிவெடுக்க வெளியிலிருந்து கிறிஸ் தாமஸ் என்ற தயாரிப்பாளரைக் கூட்டிவந்தார்கள். இன்று நாம் கேட்பது அந்தச் சமரசத்தை. ஒரு மாஸ்டரிங் பொறியாளர் மேல் சுருதியைக் கொஞ்சம் தூக்கினால் வாட்டர்ஸ் கட்சிக்கு ஒரு ஓட்டு கூடுகிறது. கீழ் சுருதியைத் தடிமனாக்கினால் கில்மோர் கட்சிக்கு. பதிப்புக்குப் பதிப்பு ரசிகர்கள் அடித்துக்கொள்வதன் வேர் எனக்குத் தெரிந்து இங்கேதான் இருக்கிறது.

சரி, எல்பி. அக்கா மகன் கேட்டது அதைத்தானே.

ஆல்பம் எல்பிக்காகவே கட்டப்பட்டது. மொத்தம் சுமார் 43 நிமிடம். முதல் பக்கம் இதயத்துடிப்பில் தொடங்கி, ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் கிளேர் டோரியின் குரல் உச்சிக்குப் போய், தளர்ந்து, ஓய்வதோடு முடிகிறது. அந்தப் பாட்டில் அவருக்கு வரிகளே இல்லை. கத்தலும் விம்மலும் முனகலும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனவர் அவர். 2004இல் வழக்குப் போட்டு, மறுவருடம் சமரசமான பிறகுதான் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. அந்தக் குரல் அடங்கியதும் ஊசி உள்வட்டத்தில் சுற்றத் தொடங்கும். நீங்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். திருப்பினால் ‘மனி’யின் காசுச் சத்தம். அந்த இருபது முப்பது நொடி மௌனத்தை நான் ஆல்பத்தின் பகுதியாகவே நினைக்கிறேன். சிடியில் சாவைப் பற்றிய இந்தப் பாட்டு முடிந்த சில நொடியிலேயே கல்லாப்பெட்டி திறந்துவிடுகிறது. மனசு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

எல்பியின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு ஊசிக்குக் கீழே சுமார் 90 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்க நெருங்க அது பாதிக்கு வந்துவிடும். அதே ஒலியைப் பாதி நீளத்துக்குள் செதுக்க வேண்டியிருப்பதால் அங்கே மேல் சுருதி கரகரக்கும். இந்த ஆல்பத்தின் கெட்ட நேரம், இரண்டு பக்கத்திலும் உச்சக்கட்டம் லேபிளை ஒட்டியே வருகிறது: முதல் பக்கத்தில் டோரியின் குரல், இரண்டாம் பக்கத்தில் ‘எக்லிப்ஸ்’. மலிவான ஊசியும் சரியாகப் பொருத்தாத ஆர்மும் இருந்தால், எந்தப் பதிப்பாக இருந்தாலும் சரி, டோரி தொண்டை கிழிந்த மாதிரிதான் கேட்பார். அக்கா மகனிடம் முதலில் சொன்னது இதுதான்: “தட்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி ஊசி இருக்கிற கார்ட்ரிட்ஜைச் சரியா பொருத்துடா.”

எல்பி பதிப்புகளில் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடப்படுவது இங்கிலாந்தின் முதல் அச்சு. ஹார்வெஸ்ட் நிறுவனம், எண் எஸ்.ஹெச்.வி.எல். 804, லேபிளில் வெளிர்நீல நிறம் நிரப்பிய முக்கோணம். டேப் புதிதாக இருந்தபோது வெட்டியது. நல்ல நிலையில் இருக்கும் பிரதி அற்புதம்தான். ஆனால் அது ஐம்பது வருடம் எத்தனையோ வீட்டில், எத்தனையோ ஊசியில் தேய்ந்து வந்த தட்டு என்பதை மறக்கக்கூடாது. நான் ஒருமுறை பழைய தட்டு விற்பவர் ஒருவரிடம் ‘ஆரம்பகால அச்சு, கீறலே இல்லை’ என்ற பேச்சை நம்பி ஒரு பிரதி வாங்கினேன். கீறல் இல்லைதான். தட்டு வளைந்திருந்தது. பிளேயரில் வைத்தால் ஆர்ம் படகு மாதிரி ஏறி இறங்கியது. அட்டைக்குள் இருக்க வேண்டிய இரண்டு போஸ்டரும் பிரமிடு ஸ்டிக்கர்களும் இல்லை. இசை கேட்பதற்காக வாங்குகிறவர் முதல் அச்சைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் முடிவு. சேகரிப்பவர்களின் கணக்கு வேறு.

புதிதாக வாங்குவதானால் 2016இல் வந்த எல்பியைத்தான் பரிந்துரைப்பேன். ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் என்ற மூன்று பொறியாளர்கள் சேர்ந்து மாஸ்டர் செய்தது. 180 கிராம் தட்டு. போஸ்டர்களும் ஸ்டிக்கர்களும் உண்டு. என் பிரதியில் ஆரம்பத்து இதயத்துடிப்பு வரும்போது பின்னணியில் தூசிச் சத்தம் இல்லை, அந்தத் துடிப்பு மட்டும்தான் இருட்டுக்குள்ளிருந்து வருகிறது. 2023இன் ஐம்பதாம் ஆண்டு எல்பியும் நன்றாகவே இருக்கிறது. ஏற்கெனவே 2016 வைத்திருப்பவர் மாற்ற வேண்டிய அளவுக்கு வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. 2024இல் கண்ணாடி போன்ற தட்டில் படம் அச்சிட்ட பதிப்பு ஒன்று வந்தது. இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் இசை. பார்க்க அழகு. அடிக்கடி போட்டுக் கேட்பதற்கு நான் அதை வாங்க மாட்டேன்.

எல்பி வாங்குவதற்கு இன்னொரு காரணம் அட்டை. ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழு வடிவமைத்து, ஜார்ஜ் ஹார்டி வரைந்த அந்த முப்பட்டகத்தை ஃபோன் திரையில் நகம் அளவுக்குத்தான் பார்க்கிறோம். கையில் விரித்துப் பாருங்கள். வெளியே வரும் நிறங்கள் ஆறுதான், கருநீலம் கிடையாது. அட்டையைத் திறந்தால் அந்த நிறக்கோடுகள் உள்ளே தொடர்ந்து ஓடுகின்றன. பச்சைக்கோடு மட்டும் இதயத்துடிப்பின் அலையாக எகிறி இறங்குகிறது. பின்னட்டையில் நிறங்கள் மறுபடி முப்பட்டகத்துக்குள் போகின்றன. முன்னும் பின்னுமாகப் பல அட்டைகளை வரிசையாக அடுக்கினால் கோடு முடியவே முடியாது. இதயத்துடிப்பில் தொடங்கி அதே துடிப்பில் முடிகிற ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான அட்டையை நான் பார்த்ததில்லை.

சிடி விஷயத்தில் என் பேச்சு சுருக்கம். பழைய சிடி கடையிலோ நண்பர் அலமாரியிலோ தொண்ணூறுகளில் டக் சாக்ஸும் ஜேம்ஸ் கத்ரியும் ரீமாஸ்டர் செய்த பதிப்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 2011 ரீமாஸ்டரும் பழுதில்லை. சிடியில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மெதுவான இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் உள்ள தூரம். ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஆன் தி ரன்’ ஒரு வெடிப்பில் முடிந்து அடங்குகிறது. காலடி ஓசை ஓய்கிறது. மெல்லிய டிக் டிக். திடீரென்று அத்தனை கடிகாரமும் ஒரே நேரத்தில் அலறுகின்றன. அந்தக் கடிகாரங்களைப் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வந்திருந்தார், நாலு சேனல் ஒலியைக் காட்டுவதற்காக. எத்தனை முறை கேட்டிருந்தாலும் அந்த இடத்தில் உடம்பு ஒரு கணம் தூக்கிப்போட வேண்டும். ஒலியை மேலேயும் கீழேயும் அமுக்கி எல்லாவற்றையும் சத்தமாக்கிய பதிப்பில் அந்தத் திடுக்கிடல் குறைந்துவிடுகிறது. 2003இல் வந்த சூப்பர் ஆடியோ சிடியில் சாதாரண சிடி பிளேயருக்கான அடுக்கு ஒன்று தனியாக உண்டு. அதன்மேல் இருக்கும் குறை இதுதான். அதே தட்டின் உயர்தர அடுக்கில் அந்தக் குறை இல்லை. ஆகவே அதற்கான பிளேயர் இல்லாதவர்கள் ஸ்டீரியோவுக்காக 2003 தட்டைத் தேட வேண்டாம்.

நம்மில் பெரும்பாலானோர் கேட்பது ஸ்ட்ரீமிங்கில்தான். அதை மட்டம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் 2023 ரீமாஸ்டர் அதில் அருமையாகக் கேட்கிறது. ஆனால் இந்த ஆல்பத்துக்காக மூன்று அமைப்புகளைத் திருத்தியே ஆக வேண்டும். ஒன்று, கிராஸ்ஃபேட். பாட்டுக்குப் பாட்டு ஐந்து நொடி மேலேறும்படி ஆப்பில் வைத்திருந்தால், ‘ப்ரெய்ன் டேமேஜ்’ ‘எக்லிப்ஸு’க்குள் நுழையும் அந்தத் தாவல் கூழாகிவிடும். அதை அணைத்துவிட்டு, இடைவெளியில்லாமல் ஒலிக்கும் வசதியைப் போடுங்கள். இரண்டு, ஷஃபிள். இந்த ஆல்பத்தில் பாட்டைக் கலைத்துப் போடுவது கதையின் பக்கங்களைக் கலைத்துப் போடுகிற மாதிரி. மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சில ஆப்களில் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி தானாகவே ஓடும்படி அமைந்திருக்கும். அது 1973 மிக்ஸ் இல்லை, ஜேம்ஸ் கத்ரி பிற்பாடு செய்த வேறு மிக்ஸ். ‘இந்த ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கு, குரல் எங்கேயோ தூரத்தில் கேட்குதே’ என்று ஒருவர் சொன்னால் முதலில் அந்த அமைப்பைத்தான் பார்க்கச் சொல்வேன். முதல் முறை கேட்பவர் ஸ்டீரியோவில் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பஸ்ஸிலோ ரயிலிலோ கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடிகாரங்கள் வருகின்றன.

சுற்றொலிக்கு வருவோம், அது தனி உலகம். மூன்று மிக்ஸ்கள் இருக்கின்றன. 1973இலேயே ஆலன் பார்சன்ஸ் நாலு ஸ்பீக்கருக்காகச் செய்த குவாட்ரஃபோனிக் மிக்ஸ். 2003இல் அந்தச் சூப்பர் ஆடியோ சிடிக்காக ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் கீழ் சுருதிக்கு ஒன்றும். பிறகு அதே கத்ரியின் அட்மாஸ். முப்பதாம் ஆண்டில் குழு பார்சன்ஸின் மிக்ஸை எடுக்காமல் கத்ரியிடம் புதிதாகச் செய்யச் சொன்னது, பார்சன்ஸுக்கு வருத்தம். கத்ரி பிற்காலத்தில் ‘தி வால்’ ஆல்பத்திலிருந்தே குழுவோடு வேலை செய்தவர். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தவர் பார்சன்ஸ். இரண்டையும் கேட்டால் வித்தியாசம் புரியும். பார்சன்ஸ் அறையின் நாலு மூலையையும் துணிச்சலாகப் பயன்படுத்துகிறார். ‘மனி’யின் தொடக்கத்துக் காசு, கிழிபடும் காகிதம், கல்லாப்பெட்டி எல்லாம் ஒவ்வொரு மூலையாகத் தாவுகின்றன. (அந்தச் சத்தங்களை டேப்பில் பதிந்து, அடிக்கோல் வைத்து ஒரே அளவில் வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடப்பது அந்த வளையத்தால்தான் நமக்குக் காலால் தட்டிப் புரிகிறது.) கத்ரியின் 5.1 இன்னும் நிதானமானது, ஸ்டீரியோவின் சமநிலையை அதிகம் மதிக்கிறது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கத்ரியின் 5.1ஐ வைத்துக்கொள்வேன். இரண்டும் வேண்டுமென்றால் 2011இன் ‘இம்மெர்ஷன்’ பெட்டி. அதில் குவாட் மிக்ஸும் 5.1ம் சேர்ந்தே இருக்கின்றன. கூடவே ஒரு கழுத்துத்துணி, கோலிக்குண்டு, தம்ளர் வைக்கும் அட்டைகள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் முறையாக வைத்திருப்பவர் தவிர மற்றவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

மேடைப் பதிப்புகளைச் சிலர் மாற்றாகச் சொல்கிறார்கள். 1974 நவம்பரில் வெம்ப்ளியில் பதிவானது எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்டுடியோவில் அளந்து வெட்டி ஒட்டியதை நாலு பேரும் கையால் வாசிக்கும்போது வேர்வை தெரிகிறது. 1994 நிகழ்ச்சிகளிலிருந்து வந்த ‘பல்ஸ்’ தொகுப்பிலும் முழு ஆல்பம் உண்டு. அதில் வாட்டர்ஸ் இல்லை, அவர் எண்பதுகளிலேயே குழுவை விட்டுப் போய்விட்டார். 2023இல் வாட்டர்ஸ் தனியாக இதே பாடல்களை மெதுவாக்கி, கிட்டார் தனியாவர்த்தனம் இல்லாமல், பேச்சைக் கூட்டி மறுபடி செய்தார். அந்த வயதில் அவர் அந்த வரிகளைச் சொல்வதில் ஒரு கனம் இருக்கிறது. முதல் பிரதியாக இவற்றில் எதையும் வாங்கக்கூடாது. மூலத்தை மனப்பாடமாகக் கேட்ட பிறகு வெம்ப்ளியைக் கேளுங்கள்.

அக்கா மகனுக்குக் கடைசியில் சொன்னது: 2016 எல்பி. ரெக்கார்ட் பிளேயர் வாங்கும் எண்ணமே இல்லாத அவன் நண்பனுக்கு: தொண்ணூறுகளின் சிடி, கிடைக்காவிட்டால் மேலே சொன்ன மூன்று திருத்தங்களோடு ஸ்ட்ரீமிங். ஸ்பீக்கர்களால் அறையை நிறைத்திருக்கும் என் பழைய அலுவலக நண்பருக்கு: 2003 சூப்பர் ஆடியோ சிடி, அதன் உயர்தர அடுக்குக்கான பிளேயரோடு.

“பழசு ஏதாவது நல்லதா கண்ணில் பட்டா?” என்று அவன் விடவில்லை. அதற்கு நான் செய்கிற சோதனையைச் சொன்னேன். கடைக்காரரிடம் கேட்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசி ஒரு நிமிடத்தில் ஊசியை வைக்கச் சொல்ல வேண்டும். ‘எக்லிப்ஸ்’ முழக்கத்தோடு முடிந்து, இதயத்துடிப்பு மட்டும் மிஞ்சும். அதற்கு மேலே ஒரு ஆள் பேசுவார். ஆபி ரோடு ஸ்டுடியோவின் வாயில்காப்பாளர் ஜெர்ரி ஓ’டிரிஸ்கால் அவர். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்வி எழுதிவைத்து ஸ்டுடியோவில் இருந்தவர்களிடமெல்லாம் பதில் வாங்கினார்; பால் மெக்கார்ட்னியிடமும் கேட்டுவிட்டு, கடைசியில் அவர் பேசியதைச் சேர்க்கவில்லை. காப்பாளரின் பேச்சுக்கு ஆல்பத்தின் கடைசி இடம் கிடைத்தது. நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று தனியாக இல்லை, உண்மையில் எல்லாமே இருட்டுத்தான் என்கிறார். லேபிளை ஒட்டிய கடைசிப் பள்ளங்களில், தேய்மானம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில், அந்தத் தாழ்ந்த ஐரிஷ் குரல் வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுகிறதா? விழுந்தால் தட்டைப் படுக்கைவசமாகக் கண்ணருகே வைத்து வளைவு இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, பையில் போடச் சொல்லுங்கள்.